கட்டைவிரலின் சாதகம்: பறவைகளைப் படம்பிடிக்கும் இளைஞர்களுக்குத் திறந்த மடல்



கார்த்திகை பிறந்து ஏரிகள் நிரம்பியதும், வேடந்தாங்கலின் கரையிலும், கூந்தங்குளத்தில் வீடுகளை ஒட்டி நிற்கும் மரங்களின் அடியிலும், பள்ளிக்கரணைச் சாலையோரத்திலும், கனத்த டெலி லென்ஸைத் தோளில் சுமந்துகொண்டு விடியுமுன்பே வந்து நிற்கிற உங்களைக் காணும்போதெல்லாம் எனக்கு உண்டாகும் சந்தோஷம் சாமானியமானதன்று. ஒரு நாரையின் கண்ணில் மின்னும் ஒளிப்பொட்டுக்காகத் தூக்கத்தைத் துறக்கும் தலைமுறை ஒன்று நம்மிடையே வந்துவிட்டது என்பதற்கு நீங்களே பிரத்தியட்ச சாட்சி. ஆயினும் அந்தச் சந்தோஷத்தோடு இரண்டு விஷயங்கள் என் மனத்தை உறுத்திக்கொண்டே இருக்கின்றன. ஒன்று, "ஃபோகஸ் பிடிக்கவே மாட்டேன் என்கிறது, பாடியை மாற்றியாக வேண்டும்" என்று உங்களில் பலர் சலித்துக்கொள்வது. மற்றொன்று, அமைதியாக அமர்ந்திருக்கும் பறவைகள் ஒருசேர எழும்ப வேண்டும் என்பதற்காகச் சிலர் கைதட்டுவதும், சீட்டியடிப்பதும், நீரில் கல்லெறிவதும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று சம்பந்தமற்ற குறைகளைப் போலத் தோன்றினாலும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பது என் திடமான அபிப்பிராயம். கருவியின் குணத்தை அறியாதவனுக்குப் பறவை தானாகக் கொடுக்கும் தருணங்கள் கைநழுவிப் போய்விடுகின்றன. அப்படித் தருணங்களைத் தவறவிட்டவன் பலாத்காரமாக ஒரு தருணத்தை உண்டாக்கிக்கொள்ளத் துணிகிறான். ஆகவே, பறவைகளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று வெறுமனே உபதேசம் செய்வதைவிட, ஆட்டோ ஃபோகஸ் என்னும் அந்த யந்திரத்தின் அந்தரங்கத்தை உங்களோடு சற்று நிதானமாகப் பேசுவதே பயனுள்ளது என்று கருதி இம்மடலை எழுதுகிறேன்.

தானாகக் குவியம் கொள்ளும் காமிரா நெடுங்காலத்துச் சிருஷ்டியன்று. 1976-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் நடந்த ஃபோட்டோகினா கண்காட்சியில் லைட்ஸ் நிறுவனத்தார் அதற்கான மாதிரி அமைப்பு ஒன்றைக் காட்டினார்கள். மறு ஆண்டே ஜப்பானின் கோனிகா சி35 ஏ.எஃப். கடைக்கு வந்தது, 1985-இல் மினோல்டா 7000 வெளியான பிறகே, லென்ஸை மாற்றிக்கொள்ளத்தக்க எஸ்.எல்.ஆர். காமிராவின் உடலுக்குள் அந்த ஏற்பாடு வெற்றிகரமாகக் குடிபுகுந்தது. அது எவ்வளவு பெரிய காரியமாகக் கருதப்பட்டது என்பதற்கு, அதன் காப்புரிமைகளின் பேரில் ஹனிவெல் நிறுவனம் தொடுத்த வழக்கில் மினோல்டா 1992-இல் 12 கோடி டாலருக்கும் மேற்பட்ட தொகையைக் கொடுத்துத் தீர்த்துக்கொள்ள நேர்ந்ததே போதிய சான்று. அதற்கு முற்பட்டவர்களுக்குக் கையும் கண்ணுமே துணை. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரும் இயற்கையைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவருமான மா. கிருஷ்ணன், வெவ்வேறு காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்டு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்த கருவியைத் தூக்கிக்கொண்டு காடுகளில் அலைந்து, கறுப்பு வெள்ளையில் எடுத்த யானைப் படங்களைப் பாருங்கள். எந்த யானை, அதன் உடலில் எந்தப் பகுதி, எந்தக் கணம் என்பதைத் தீர்மானிப்பதும், அதற்குரிய தூரத்தை லென்ஸில் அமைப்பதும் ஆகிய இரு காரியங்களையும் அவர் ஒருவரே செய்ய வேண்டியிருந்தது. இன்றைய யந்திரம் அவற்றில் இரண்டாவதை மட்டுமே நம்மிடமிருந்து வாங்கிக்கொண்டிருக்கிறது. முதலாவதையும் சேர்த்து வாங்கிக்கொண்டதாக நாம் நினைக்கும் இடத்தில்தான் படம் கெடுகிறது.

யந்திரம் தூரத்தை எப்படி அறிகிறது என்பதைத் தெரிந்துகொள்வது வீண் பாண்டித்தியம் அன்று. கண்ணாடியுள்ள டி.எஸ்.எல்.ஆர். காமிராவில், லென்ஸ் வழியாக வரும் ஒளியில் ஒரு பகுதி பிரதானக் கண்ணாடியை ஊடுருவிச் சென்று, அதன் பின்னால் உள்ள சிறிய கண்ணாடியில் பட்டுக் காமிராவின் அடித்தளத்தில் இருக்கும் சென்ஸாருக்கு இறங்குகிறது. அங்கே, லென்ஸின் ஒரு பக்கத்து விளிம்பு வழியாக வந்த ஒளியும் எதிர்ப்பக்கத்து விளிம்பு வழியாக வந்த ஒளியும் தனித்தனிப் பிம்பங்களாக விழ, அவ்விரு பிம்பங்களுக்கும் இடையிலுள்ள விலகலை அளந்து, லென்ஸ் எந்தத் திசையில் எவ்வளவு நகர வேண்டும் என்பதை யந்திரம் ஒரே கணிப்பில் அறிந்துகொள்கிறது. இவ்வளவு நுட்பமான ஏற்பாட்டுக்கும் ஒரு தேவை உண்டு: ஒளியும் நிழலும் சந்திக்கும் ஒரு விளிம்பு அதற்கு அகப்பட்டாக வேண்டும். கொக்கின் வெண்மார்பில், அதுவும் உச்சி வெயிலில், அப்படிப்பட்ட விளிம்பு ஏது? வெள்ளைச் சுவரைக் காட்டினால் எப்படித் தடுமாறுமோ அப்படியே அங்கும் லென்ஸ் முன்னும் பின்னும் அலைகிறது. அந்தப் புள்ளியையே அலகும் முகமும் கூடும் இடத்துக்கோ கண்ணுக்கோ நகர்த்திப் பாருங்கள், அலைச்சல் அடங்கிவிடும். கண்ணாடியில்லாத மிரர்லெஸ் காமிராக்களில் படம் பதியும் சென்ஸாரே தூரத்தையும் அளப்பதால், குவியம் சற்றே முன்னோ பின்னோ விழுவதைச் சரிசெய்ய டி.எஸ்.எல்.ஆர். வைத்திருப்போர் செய்துகொள்ள வேண்டிய ஃபைன் ட்யூன் திருத்தத்துக்கு அங்கே பெரும்பாலும் அவசியம் இராது. ஆனால் அவற்றில் அநேகமானவை நெட்டுக்கோடுகளைக் காண்பதில் காட்டும் சாமர்த்தியத்தைக் கிடைக்கோடுகளைக் காண்பதில் காட்டுவதில்லை என்பதால், கம்பியோ கிடையான கிளையோ பிடிபடாமல் தவிக்கும்போது காமிராவைச் சற்றே சாய்த்துப் பிடித்தால் காரியம் கைகூடும்.

இனி, இவ்வளவு கவலைப்படுவதற்கு என்ன அவசியம் என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஃபுல் ஃப்ரேம் காமிராவில் 600 மில்லிமீட்டர் லென்ஸைப் பொருத்தி, அதன் துவாரத்தை எஃப் 4 அளவுக்குத் திறந்துவைத்து, 10 மீட்டர் தொலைவில் உள்ள ஒரு பறவையைக் குறிவைத்தால், தெளிவாகத் தெரியும் ஆழம் ஏறக்குறைய 7 சென்டிமீட்டர்தான். மஞ்சள்மூக்கு நாரையின் அலகு மட்டுமே அதைவிடப் பன்மடங்கு நீளம். தூரம் இரட்டிப்பானால் இந்த ஆழம் நான்கு மடங்காகிறது என்பதால், 20 மீட்டரில் இருக்கும் பறவை நமக்கு எவ்வளவோ இரக்கம் காட்டுகிறது. நெருங்கிப் போனால்தான் நல்ல படம் என்று கூட்டை நோக்கி அடிமேல் அடிவைக்கிறவர்கள் இந்தக் கணக்கை யோசித்துப் பார்க்க வேண்டுகிறேன். இத்துடன் வேகமும் சேர்கிறது. நம்மை நோக்கி வினாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் வரும் பறவை, நாம் பட்டனை அழுத்தியதற்கும் ஷட்டர் திறப்பதற்கும் இடையே கழியும் வினாடியின் இருபதில் ஒரு பங்குக்குள் அரை மீட்டர் தூரத்தைக் கடந்துவிடுகிறது; 7 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அரை மீட்டர் பிழை என்றால் படம் என்னாவது? ஆகவேதான் காமிரா, பறவை இருக்கும் இடத்தை அல்ல, அடுத்த கணத்தில் அது இருக்கப்போகும் இடத்தை அனுமானித்து லென்ஸை ஓட்டுகிறது, நிக்கானில் ஏ.எஃப்.-சி என்றும் கேனனில் சர்வோ என்றும் வழங்கும் முறை இதுவே. அனுமானத்துக்கு ஆதாரம் வேண்டும் அல்லவா? பறவை வியூஃபைண்டருக்குள் வந்த மாத்திரத்தில் ஷட்டரை அழுத்துகிறவன் அந்த ஆதாரத்தைக் கொடுக்காமலே விடை கேட்கிறான். சிறிது நேரமேனும் பறவையின் மேல் புள்ளியை வைத்துப் பின்தொடர்ந்துவிட்டு அழுத்துகிறவனுக்கே யந்திரம் முழு மனத்துடன் ஊழியம் செய்கிறது.

அப்படியானால் நாம் தீர்மானிக்க வேண்டியவை எவை? எதைப் பிடிப்பது என்பது முதற் கேள்வி. வெற்று வானத்தில் தனியே வரும் பறவைக்கு அகன்ற பரப்பைத் திறந்துவிடுவதில் தோஷம் இல்லை. கோரைப்புல்லுக்குப் பின்னால் நிற்கும் நாமக்கோழிக்கு ஒரே ஒரு புள்ளிதான் உதவும். கூடுகள் நெருங்கிய மரத்தின் முன்னால் பறந்து செல்லும் நாரைக்கு, ஒற்றைப் புள்ளியும் போதாது, அகன்ற பரப்பும் ஆகாது, நாலைந்து புள்ளிகள் சேர்ந்த ஒரு சிறு தொகுதியே தக்கது. இதைக் களத்தில் நின்று மெனுவில் தேடிக்கொண்டிருக்க முடியாது. ஆதலால் ஒவ்வொரு முறையையும் ஒவ்வொரு பட்டனுக்கு வீட்டிலேயே நியமித்துவிட வேண்டும்.

எவ்வளவு பிடிவாதம் காட்டுவது என்பது அடுத்தது. உங்களில் மிகப் பலர் திறந்துகூடப் பார்த்திராத மெனு இதுவாகவே இருக்கும். நாம் தொடரும் பறவைக்கும் நமக்கும் நடுவே ஒரு கிளையோ வேறொரு பறவையோ குறுக்கிட்டால், காமிரா உடனே அதற்குத் தாவிவிட வேண்டுமா, அல்லது பழைய தூரத்திலேயே சற்றுக் காத்திருக்க வேண்டுமா? நிக்கான் காமிராக்களில் லாக்-ஆன் என்ற பெயரிலும், கேனனில் டிராக்கிங் சென்ஸிடிவிட்டி என்ற பெயரிலும் இருப்பது இந்தத் தீர்மானமே. நூற்றுக்கணக்கான பறவைகள் வந்துபோகும் வேடந்தாங்கலில் பொறுமை மிகுந்த பக்கமாக அதை வைக்க வேண்டும். வெட்டவெளியில் சடுதியில் திரும்பும் தகைவிலானுக்கு விரைவான பக்கமே உசிதம். தொழிற்சாலையில் அமைத்து அனுப்பிய நடுநிலையோடு ஆயுள் முழுவதும் படமெடுத்துவிட்டுக் கருவியைக் குறைசொல்வது நியாயமாகாது. இதே இடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: நிக்கானின் தொடர் ஃபோகஸ் முறையில், குவியம் கூடியிருந்தாலும் கூடாவிட்டாலும் ஷட்டர் இயங்கும்படியே ஆரம்பத்தில் அமைக்கப்பட்டிருக்கிறது. காமிரா படமெடுத்தது என்பதாலேயே ஃபோகஸ் கிடைத்தது என்று அர்த்தமில்லை.

எப்போது தொடங்கி எப்போது நிறுத்துவது என்பது எல்லாவற்றிலும் முக்கியமானது. இந்த மடலின் தலைப்பும் அதைப் பற்றியதே. ஷட்டர் பட்டனிலிருந்து ஃபோகஸைப் பிரித்து, பின்புறத்தில் உள்ள ஏ.எஃப்.-ஆன் பட்டனுக்கு மாற்றிவிடுங்கள். கிளையில் அமர்ந்திருக்கும் மீன்கொத்தியின் கண்ணில் குவியம் கொண்டபின் கட்டைவிரலை எடுத்துவிட்டால், பறவை இடம் மாறாத வரையில் அந்தத் தூரம் நிலைத்திருக்கும். சட்டகத்தை எப்படி வேண்டுமானாலும் அமைத்துக்கொள்ளலாம். அது நீரை நோக்கிப் பாயும் அதே கணத்தில் கட்டைவிரலை அழுத்தினால், எந்த முறையையும் மாற்றாமலே தொடர் ஃபோகஸ் தொடங்கிவிடும். இரண்டு விரல்களுக்கு இரண்டு தொழில் என்ற இந்தச் சிறிய பிரிவினை, ஆரம்பத்தில் சில நாட்கள் கையைக் குழப்பினாலும், பழகிய பின் வேறு எந்தச் செலவும் தராத சுதந்திரத்தைத் தரும். இதனோடு சேர்த்துச் செய்ய வேண்டியது, வரப்போகும் பறவையின் உத்தேசத் தூரத்தில் இருக்கும் ஒரு மரத்தின்மேல் முன்கூட்டியே ஃபோகஸை வைத்திருப்பது. லென்ஸ் 5 மீட்டரில் நின்றுகொண்டிருக்க, 60 மீட்டரில் பறவை வந்தால், அது வியூஃபைண்டரில் புகைபோலக்கூடத் தெரியாது. காணாத பொருளை எந்த யந்திரமும் பிடிக்காது. லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் லிமிட்டர் சுவிட்சு, பக்கத்துத் தூரங்களில் வீணே தேடி அலைவதைத் தடுப்பதற்காகவே வைக்கப்பட்டிருக்கிறது.

அண்மைக் காலத்தில் பறவையின் கண்ணையே தேடிக் கண்டுபிடிக்கும் காமிராக்கள் வந்துவிட்டனவே என்று நீங்கள் கேட்பீர்கள். 2020-இல் வந்த கேனன் ஆர்5, 2021-இல் வந்த சோனி ஏ1 ஆகியவை அவ்விதம் செய்வதைக் கண்டு நானும் வியந்திருக்கிறேன். அந்த வியப்பில் கலப்படம் எதுவும் இல்லை. எனினும் அவையும் கண்டுபிடிக்கின்றனவே தவிரத் தேர்ந்தெடுப்பதில்லை. ஒரே மரத்தில் ஐம்பது கண்கள் இருந்தால், குஞ்சுக்கு இரை ஊட்ட வந்த தாயின் கண்தான் உங்களுக்கு வேண்டியது என்பதை அவை எப்படி அறியும்? சுள்ளிகளுக்குப் பின்னால் பாதி மறைந்த வக்காவை விட்டுவிட்டுச் சுள்ளியின் முடிச்சைக் கண்ணென்று அவை மயங்குவதும் உண்டு. ஆகவே கண்டுபிடிக்கும் வேலையை அவற்றிடம் விட்டுவிட்டு, ஒற்றைப் புள்ளிக்கு உடனே திரும்பிவிடும் உரிமையை ஒரு பட்டனில் கைவசம் வைத்துக்கொள்வதே விவேகம்.

படம் தெளிவாக வரவில்லை என்றால் அது ஃபோகஸின் குற்றம்தானா என்பதையும் தீர விசாரிக்க வேண்டும். படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள புல் கூர்மையாகவும் பறவை மங்கலாகவும் இருந்தால், ஃபோகஸ் தவறியிருக்கிறது. எங்குமே கூர்மை இல்லையென்றால் கை அசைந்திருக்கிறது. பறவையின் உடல் தெளிந்து சிறகு மட்டும் கரைந்திருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. பறக்கும் பறவைக்கு 1/2000 வினாடியிலிருந்து தொடங்குவது நலம். இவை எதுவுமன்றி, முழுப் படமும் தண்ணீருக்கடியில் இருப்பதைப்போல நெளிந்து தெரிந்தால் அது கானல். நம் ஊரின் வெயிலில், சூடேறிய வரப்பின் மேலும் ஏரிக்கரையின் மேலும் எழும் காற்று, தொலைவில் உள்ள பறவையின் பிம்பத்தையே கலைத்துவிடுகிறது. லட்சக்கணக்கில் விலைகொடுத்து வாங்கிய லென்ஸும் அதன்முன் நிராயுதபாணிதான். காலை வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துக்கொள்வதைத் தவிர அதற்குப் பரிகாரம் இல்லை.

இவற்றையெல்லாம் படித்தறிந்தால் மட்டும் போதாது, கைக்கு வர வேண்டும். சங்கீதம் கற்கிறவர்கள் சரளி வரிசையை முதற்காலத்தில் நிறுத்திப் பாடிப் பழகிய பின்னரே இரண்டாம் காலத்துக்கும் மூன்றாம் காலத்துக்கும் போகிறார்கள். பறவைகளிலும் அப்படி மூன்று காலங்கள் உண்டு. நீரின்மேல் ஓடி, உடலைத் தூக்கமாட்டாமல் தூக்கி எழும் கூழைக்கடாவும், வெப்பக் காற்றில் வட்டமிட்டு ஏறும் நாரையும் முதற்காலம். கொக்கும் நீர்க்காகமும் ஆலாவும் இரண்டாம் காலம். தகைவிலானும் உழவாரனும் பஞ்சுருட்டானும் மூன்றாம் காலம். முதல் நாளே தகைவிலானைத் துரத்திக் கை சோர்ந்துபோகிறவர்களைக் கண்டு வருந்தியிருக்கிறேன். இதற்காக ஏரிக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. மொட்டைமாடியில் நின்று, தெருக்காக்கையையும் கரும்பருந்தையும், ஷட்டரையே அழுத்தாமல், தலைமேல் புள்ளி விலகாதபடி வியூஃபைண்டரில் பின்தொடருங்கள். பறவையை விட்டுக் கண்ணை எடுக்காமலே காமிராவைக் கண்ணுக்கு உயர்த்தப் பழகுங்கள். காக்கையை அலட்சியம் செய்ய வேண்டாம். கரிய உடலில் கரிய கண்ணைப் பிடிப்பதைவிடக் கடினமான பாடம் ஃபோகஸ் சாஸ்திரத்தில் அதிகம் இல்லை.

இப்போது பறவைகளின் விஷயத்துக்கு வருகிறேன். கட்டைவிரல் இவ்வாறு பக்குவப்பட்ட ஒருவன் ஏரிக்கரையில் நின்று பார்த்தால், அங்கே தருணங்களுக்குப் பஞ்சமே இல்லை என்பதைக் காண்பான். கூடு கட்டும் காலத்தில் நாரைகள் சுள்ளி கொண்டுவரவும் இரை தேடவும் ஓயாமல் போய்வருகின்றன. ஒரே மரத்துக்கு ஒரே வழியாகவே திரும்பத் திரும்ப வருகின்றன. பெரிய பறவைகள் காற்றை எதிர்த்தே எழும்புகின்றன, காற்றை எதிர்த்தே இறங்குகின்றன. ஆகவே காற்றும் காலைச் சூரியனும் நம் முதுகுப்புறமாக இருக்கும்படி இடம் தேடி நின்றால், அவை நம்மை நோக்கித் தாமே முகம் காட்டும். எழும்புவதற்கு முன் உடலைத் தாழ்த்தி முன்னே சாய்வதும், எச்சமிடுவதும் அநேக நாரைகளின் வழக்கம். அந்த முன்னறிவிப்பைப் படிக்கக் கற்றவன் கல்லெடுப்பானேன்? அன்றியும், மிரண்டு எழும் பறவை நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓடுகிறது. கல்லெறிந்து பெற்ற படம் ஒளிப்படக் கலையின் அளவுகோலாலேயே கீழான படம்.

பறவைக்கு நேரும் துன்பமோ இதைவிடப் பெரிது. தாய் எழுந்து போன கூட்டில் முட்டையும் குஞ்சும் காக்கைக்கு இரையாகின்றன. சிறகை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் தரும் நாரை விலகினால், திறந்த கூட்டில் வெயில் அவற்றை வாட்டுகிறது. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையும் கூடுகளையும் கலைப்பதைக்கூட வேட்டை என்றே வரையறுக்கிறது. சட்டம் இருக்கட்டும், நாம் நிற்கும் கரைகள் யாருடையவை என்று எண்ணிப் பாருங்கள். வேடந்தாங்கல் ஊரார், தங்கள் ஏரிப் பறவைகளைத் துரைமார் சுட்டதைப் பொறாமல், 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸ் என்பவரிடம் முறையிட்டு அவற்றுக்குப் பாதுகாப்புப் பெற்றவர்கள். சிவகங்கைச் சீமையின் வேட்டங்குடிக் கண்மாயை ஒட்டியுள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியிலும் பட்டாசு வெடிப்பதில்லை. குழந்தைகளின் ஒரு நாள் குதூகலத்தையே பறவைகளுக்காக விட்டுக்கொடுத்தவர்களின் ஊரில், ஒரு படத்துக்காகக் கைதட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஆதலால் உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். புதிய பாடிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன், கையில் இருக்கும் காமிராவின் ஃபோகஸ் மெனுவை வரிவரியாகப் படித்து, ஒரு பருவம் முழுவதும் அதைக்கொண்டே பழகுங்கள். கரையில் உங்கள் பக்கத்தில் நிற்கும் புதியவர் கல்லை எடுத்தால், அவரைப் பலர் முன்னிலையில் கடிந்துகொள்ள வேண்டாம், ஏ.எஃப்.-ஆன் பட்டன் எங்கே இருக்கிறது என்று காட்டிக் கொடுத்து, காற்று வரும் திசையைச் சொல்லி, அடுத்த நாரை சுள்ளியோடு திரும்பி வரும் வரையில் அவரோடு கூட நில்லுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் விரும்பும் மூத்த தோழன்